வளைப்பதும் ஒடிப்பதும்



"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் முன்னோர் கேட்டார்கள். இந்தப் பழமொழியைக் கேளாத வீடு நம் ஊரில் இல்லை. பிள்ளை பாடம் படிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தால் தகப்பனார் இதைச் சொல்லுகிறார். புதிதாய் வந்த மருமகள் நேரங்கழித்து எழுந்தால் மாமியார் இதைச் சொல்லுகிறார். தறியில் பழகவந்த பையன் இழையை அறுத்துவிட்டால் மூத்த நெசவாளர் இதைச் சொல்லுகிறார். இதற்குக் கூடப் பிறந்த தங்கை போல இன்னொரு பழமொழியும் உண்டு: "முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்." முன்னது வளைக்கச் சொல்லுகிறது, பின்னது ஒடிக்கச் சொல்லுகிறது. நாமோ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, இரண்டும் ஒன்றே என்று எண்ணிக் கொள்ளுகிறோம். ஒன்றுதானா? ஒரு மனிதன் தன் கீழிருக்கும் இன்னொரு மனிதனை எவ்வளவு தூரம் வளைக்கலாம்? வளைப்பது எங்கே முடிகிறது, ஒடிப்பது எங்கே தொடங்குகிறது? இந்த வாரம் இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாய் ஆலோசிப்போம்.

வளைப்பதைப் பற்றி அறிய வேண்டுமானால், அதையே தொழிலாய்க் கொண்டவனிடம் கேட்பது முறை. மரத்தை வளைத்து வில் செய்கிறவனைவிட அதை நன்றாய் அறிந்தவன் யார்? நமது காஞ்சியிலே கைலாசநாதர் கோயிலின் சுவரில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் வில்லேந்திய உருவங்களை ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன் செதுக்கி வைத்தார்கள். ஆனால் கல்லில் வளைந்த வில்லுக்கு ஒடியும் பயம் இல்லை. மரத்தில் வளைய வேண்டிய வில்லின் கதை வேறு. மேற்கே வயநாட்டு மலைகளில் குறிச்சியர் என்னும் மலைவாசிகள் வில்லுக்குப் பேர் போனவர்கள். 1802-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் எடச்சேன குங்கனும் தலைக்கல் சந்துவும் அவர்களை நடத்திச் சென்று, துப்பாக்கி வைத்திருந்த கும்பினிப் படையிடமிருந்து பனமரம் கோட்டையைப் பிடித்தார்கள் என்றால், அவர்கள் கையிலிருந்த வில் எத்தனை பக்குவமாய் வளைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பக்குவம் ஒரு நாளில் வருவதல்ல. 1991-ம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலையில், இத்தாலி ஆஸ்திரியா நாடுகளின் எல்லையருகே, உறைபனிக்குள் ஒரு மனிதனின் சரீரம் அகப்பட்டது. அவன் மரித்து ஏறக்குறைய 5,300 ஆண்டுகள் ஆகின்றன என்று சாஸ்திரிகள் கணித்தார்கள். அவனருகே யூ என்னும் மரத்தில் செய்த, 1.82 மீட்டர் நீளமான ஒரு வில் கிடந்தது. அது முடிவு பெறாத வில். செதுக்கிய தழும்புகள் அதன்மேல் அப்படியே இருந்தன. நாண் மாட்டுவதற்கு நுனியில் வெட்டு இன்னும் போடப்படவில்லை. அவனுடைய இடது தோளில் தைத்த அம்பின் முனை பத்து ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டது. பகைவனுடைய வில் தயாராயிருந்தது. அவனுடைய வில் தயாராகவில்லை. ஆபத்து எவ்வளவு அருகில் வந்தாலும் மரம் தனக்கு வேண்டிய காலத்தைக் கேட்கத்தான் செய்யும். இது முதற்பாடம்.

இனி, வில் செய்கிறவன் வேலையைக் கவனியுங்கள். அவன் மரத்தை வாளால் அறுப்பதைவிட ஆப்பு வைத்துப் பிளப்பதையே விரும்புகிறான். வாள் தன் இஷ்டப்படி போகும். பிளவோ மரத்தின் இழை போன வழியே போகும். பிளந்த கட்டையை நிழலில் மாதக்கணக்காய் உலர விடுகிறான். அவசரப்பட்டு வெயிலில் காய வைத்தால் அது வெடித்துப் போகும். வில்லுக்கு முதுகும் வயிறும் உண்டு. இலக்கை நோக்கியிருப்பது முதுகு. எய்கிறவனை நோக்கியிருப்பது வயிறு. வில் வளையும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு நெருக்கப்படுகிறது. இழுபடும் முதுகில் ஓர் இழை குறுக்கே அறுந்திருந்தாலும் வில் அந்த இடத்தில் பிளந்து விடும். ஆகையால் முதுகின்மேல் மரத்தின் ஓர் ஆண்டு வளையத்தை நுனி முதல் நுனி வரை முழுமையாய் விட்டு வைக்கிறான். வழியில் கணு மேடிட்டிருந்தால் அந்த மேட்டோடு போகிறானேயன்றி, அழகாய் நேராக்குகிறேன் என்று அதைச் சீவித் தள்ளுவதில்லை. சீவுவதெல்லாம் வயிற்றுப் பக்கத்தில்தான்.

பிறகு வளைக்கத் தொடங்குகிறான். முதல் நாளே காதுவரை இழுப்பதில்லை. நாலு விரற்கடை இழுத்துப் பார்க்கிறான். இரண்டு கைகளும் ஒத்து வளைகின்றனவா என்று தூர நின்று நோக்குகிறான். ஒரு பக்கம் விறைப்பாயிருந்தால் அந்த இடத்தை மட்டும் சீவுளியால் இலேசாய்ச் சுரண்டுகிறான். தளர்ந்து அதிகமாய் வளையும் இடத்தையோ தொடவே மாட்டான். அங்கே இன்னும் ஒரு சுருள் சீவினாலும் வில் அவ்விடத்திலேயே ஒடியும் என்பது அவனுக்குத் தெரியும். சுரண்டிய பின் அதே அளவுக்கு இருபது முப்பது முறை இழுத்து விடுகிறான். மரம் அந்த வளைவைப் பழகிக் கொள்ளுகிறது. அதற்குப் பின்தான் இன்னும் இரண்டு விரற்கடை. இப்படியே இழுத்துப் பார்ப்பதும் சுரண்டுவதும் காத்திருப்பதுமாக நாட்கள் போகின்றன. எடுத்த சுருளைத் திரும்ப ஒட்ட முடியாது; ஆகையால் அவன் கை எப்போதும் குறைவாகவே எடுக்கிறது. கோணலாயிருக்கும் கட்டையைத் திருத்த வேண்டுமானால் நீராவியிலோ அனலிலோ காட்டி, இளகிய பின்னரே வளைக்கிறான். குளிர்ந்த கட்டையோடு பலாத்காரம் செய்வதில்லை.

இதைக் குடும்பத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பொருத்திப் பாருங்கள். நாம் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராய் நடக்கிறோம். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருவன் முரடன், ஒருத்தி சாது. முரடனைத் திருத்தப் போனால் அவன் எதிர்த்துப் பேசுவான், கதவை அறைந்துவிட்டு வெளியே போவான். ஆகையால் அவனை விட்டு விடுகிறோம். சாதுவோ சொன்னதைக் கேட்பாள், அழுவாள், மறுபடியும் கேட்பாள். ஆகையால் வேலையும் அவள்மேல், வசவும் அவள்மேல், வீட்டின் மனக்கசப்பும் அவள்மேல். விறைத்த இடத்தை விட்டுவிட்டுத் தளர்ந்த இடத்தையே சீவுகிறோம். பின்பு ஒரு நாள் அவள் முறிந்து போகும்போது, "எவ்வளவு பொறுமையான பெண், இவளுக்கா இப்படி?" என்று ஆச்சரியப்படுகிறோம். அது பொறுமையல்ல, நாம் சீவிச் சீவி மெலிய வைத்த இடம்.

அர்ச். வனத்து அந்தோனியாரைப் பற்றிப் பழைய காலத்து வனவாசிகள் சொல்லி வைத்த ஒரு சரித்திரம் உண்டு. கி.பி. 356-ல் மரித்த இந்தப் பெரிய தவசி ஒரு நாள் தம் சகோதரருடன் சிரித்துப் பேசிக் கொண்டிருந்தார். அவ்வழியே வந்த ஒரு வேடன் அதைக் கண்டு இடறலடைந்தான். அந்தோனியார் அவனை அழைத்து, வில்லில் அம்பை வைத்து இழுக்கச் சொன்னார், இழுத்தான். இன்னும் இழுக்கச் சொன்னார், இழுத்தான். மறுபடியும் இழுக்கச் சொன்னபோது, அளவுக்கு மேல் இழுத்தால் வில் ஒடிந்து போகுமே என்றான் வேடன். தேவ ஊழியத்திலும் அப்படியே, சகோதரரை அளவுக்கு மிஞ்சி இழுத்தால் சீக்கிரம் முறிந்து போவார்கள் என்று பரிசுத்தர் அவனுக்கு விளக்கினார். கவனியுங்கள்: இதைச் சொன்னவர் உபவாசத்திலும் கண்விழிப்பிலும் தம்மைத் தாமே எல்லைவரை வளைத்துக் கொண்டவர். தம்மிடம் கண்டிப்பாயிருந்தவர் பிறரிடம் அளவறிந்து நடந்தார். நம்மில் பலருக்குத் தங்கள்மேல் வெகு தயவு. பிறர்மேல் வெகு கண்டிப்பு.

நம் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வைக் கரை. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். இரு கரைகளுக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. ஒரு பக்கத்துக் கரையின் நாடாவை எறிய நெசவாளர் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். நெடுங்காலமாய் அநேகத் தறிகளில் அந்த இன்னொரு கை ஒரு சிறு பிள்ளையின் கையாயிருந்தது. தகப்பன் வாங்கிய முன்பணத்துக்காகப் பிறர் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளும் இருந்தார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லும், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லும் வந்த பிறகும் இது ஓயவில்லை. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் மனித உரிமைச் சங்கம் இந்தியப் பட்டுத் தொழிலிலுள்ள கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம் பெற்றது. அப்போதும் சொல்லப்பட்ட சமாதானம் என்ன? "பிஞ்சு விரல்தான் வளையும், இப்போது பழகாவிட்டால் பிறகு பழகாது." ஐந்தில் வளையாதது! நல்ல பழமொழி எவ்வளவு எளிதாய் அநியாயத்துக்கு வக்கீலாகிறது பாருங்கள். அந்தப் பிள்ளைகள் கற்றது தொழில் என்பது மெய்யே. ஆனால் அவர்கள் வளைக்கப்பட்டது அவர்களுடைய நன்மைக்காகவா, வாங்கிய கடனுக்காகவா?

சர்வேசுரனுக்குத் தோத்திரம், அந்தக் காலம் பெரும்பாலும் கடந்து போயிற்று. அன்று நாடா எறிந்த கைகளின் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆயினும் வளைக்கும் கை ஓய்ந்ததா? பொழுது விடியுமுன் ஒரு டியூஷன், பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு டியூஷன், ஞாயிறு பூசைக்குப் பதிலாய் ஒரு மாதிரித் தேர்வு. தையல் கலையில் கைத்திறமுள்ள பெண்ணை டாக்டராக வேண்டும் என்கிறோம். கணிதத்தில் பிரியமுள்ள பையனை அடுத்த வீட்டுப் பையனைப் போல ஆகச் சொல்லுகிறோம். மரத்தின் இழை ஒரு பக்கம் ஓட, நம் வாள் வேறு பக்கம் அறுக்கிறது. தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில், தன் உயிரைத் தானே போக்கிக் கொண்ட பிள்ளைகளைப் பற்றிச் செய்தித்தாளில் வாசிக்கிறோம். அப்படி ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரை நியாயந்தீர்க்க நமக்கு அதிகாரமில்லை. அவர்களுக்காக வேண்டிக்கொள்ளுவதே நம் கடமை. ஆனால் உயிரோடிருக்கும் பிள்ளைகளின் பெற்றோராகிய நீங்கள், இன்னும் இரண்டு விரற்கடை இழுக்குமுன் தூர நின்று நோக்க வேண்டியது அவசியம்.

"சாமி, இதெல்லாம் கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் கண்டிக்காமல் விட்டால் பிள்ளை தறிகெட்டுப் போகாதா? பிரம்பைக் கையாளாத தகப்பன் பிள்ளையைப் பகைக்கிறவன் என்று வேதாகமமே சொல்லவில்லையா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதலாவது, வளையாத கட்டை வில் அல்ல என்பதை நான் மறுக்கவில்லை. ஒருபோதும் "இல்லை" என்ற வார்த்தையைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை வெறுங்கட்டை. அடுப்புக்கு ஆகும், அம்பு எய்ய ஆகாது. செல்லமும் ஒருவிதச் சோம்பலே. பிள்ளைக்காகப் பாடுபட மனமில்லாத பெற்றோர் அதற்கு அன்பு என்று பேர் வைத்துக் கொள்ளுகிறார்கள். இரண்டாவது, பழமொழி ஆகமம் கண்டிப்பை வலியுறுத்துவது உண்மை. ஆனால் அங்கே கோல் என்பதற்கு எபிரேய மொழியில் வந்திருக்கும் அதே சொல்தான், நல்ல ஆயனைப் பாடும் சங்கீதத்திலும் வருகிறது. அங்கே அந்தக் கோல் ஆட்டுக்குத் தேறுதல் தருகிறது! எந்தக் கோல் வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைக்கு ஆறுதல் உண்டாகுமோ, அதுவே வேதம் காட்டும் கோல். அர்ச். சின்னப்பரும் கொலோசையருக்கு எழுதும்போது, பிள்ளைகள் மனந்தளர்ந்து போகாதபடி அவர்களை எரிச்சலூட்ட வேண்டாம் என்று தகப்பன்மாருக்கே கட்டளையிடுகிறார். பள்ளிக்கூடத்தில் அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விலக்கியிருக்கிறது. சட்டம் வருமுன்னரே அப்போஸ்தலர் சொல்லிவிட்டார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பயத்தால் வளைந்தவன் வணங்கியவன் அல்ல. பகைவரிடம் காணும் பணிவான பேச்சை நம்பாதே, வில்லின் வணக்கம் தீமைக்கே அடையாளம் என்ற கருத்தைத் திருவள்ளுவர் கூடாநட்பு அதிகாரத்தில் 827-ம் குறளில் வைத்திருக்கிறார். அடிக்குப் பயந்து தலை குனியும் பிள்ளையைக் கண்டு, "பார், என் பிள்ளை எவ்வளவு அடக்கம்!" என்று பெருமை கொள்ளும் தகப்பனே, அது வில்லின் வணக்கமாயிருக்கலாம். குனிந்த அளவுக்கு உள்ளே வேகம் சேருகிறது. உன் கை தளரும் நாளில் அது எந்தப் பக்கம் பாயும் என்று நினைத்ததுண்டா? ஓசே தீர்க்கதரிசி இஸ்ராயேல் ஜனத்தை மோசம் போக்கும் வில்லுக்கு ஒப்பிடுகிறார். ஒத்து வளையாத வில்லில் வைத்த அம்பு குறியை விட்டு வேறெங்கோ போகும்.

இளைப்பாறுதலையும் மறக்கலாகாது. அர்ச். அருளப்பர் தம் முதிர்ந்த வயதில் ஒரு கௌதாரியைத் தடவிக் கொடுத்து விளையாடிக் கொண்டிருந்தார். வில்லோடு வந்த வேடன் ஒருவன், இத்தனை பெரியவர் இப்படிப் பொழுது போக்கலாமா என்று கேட்டான். உன் வில்லை ஏன் எப்போதும் நாணேற்றி வைத்திருக்கவில்லை என்று அப்போஸ்தலர் திருப்பிக் கேட்டார். எந்நேரமும் வளைந்தேயிருந்தால் வில்லின் விசை போய்விடும் என்றான் அவன். அர்ச். காசியானார் தமது சம்பாஷணைகளில் எழுதி வைத்த இந்தச் சரித்திரத்தை, வேதசாஸ்திரிகளில் தலைவராகிய அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் தமது பெரிய நூலில், விளையாட்டிலும் புண்ணியம் உண்டா என்று ஆராயும் இடத்தில் எடுத்தாளுகிறார். சரீரத்துக்கு இளைப்பாறுதல் வேண்டியிருப்பது போலவே ஆத்துமத்துக்கும் வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. அளவுக்கு மேல் இழுத்த வில்லையும், இரவெல்லாம் நாணோடு கிடந்த வில்லையும் பாருங்கள்: நாணைக் கழற்றின பின்னும் அவை நிமிர்வதில்லை. ஞாயிற்றுக்கிழமையை ஆண்டவர் ஏற்படுத்தியது நாணைக் கழற்றத்தான்.

இதுவரை வில்லைக் கொண்டு பேசினேன். இப்போது அந்த உவமை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவோம். கட்டைக்குச் சித்தம் இல்லை, பிள்ளைக்கு உண்டு. கட்டை தச்சனுடைய உடைமை. பிள்ளை உங்கள் உடைமையல்ல, உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட ஆத்துமம். மனிதனை உண்டாக்கியவர் சர்வேசுரன் ஒருவரே. அவரோ எப்படி நடந்து கொண்டார்? உலகத்தை மீட்கத் திருவுளங்கொண்டபோது, நசரேத்தூரில் ஓர் ஏழைக் கன்னியிடம் சம்மனசை அனுப்பி, அவளுடைய சம்மதத்துக்காகக் காத்திருந்தார். வானத்தையும் பூமியையும் ஒரு வார்த்தையால் உண்டாக்கினவர், ஒரு பெண்ணின் வார்த்தைக்குக் காத்திருந்தார்! அவள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லப்பட்டது. பிறகே அவள் தன்னைத் தானே தாழ்த்தினாள். ஜெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரும் தம் சித்தத்தைத் தாமே பிதாவின் சித்தத்துக்கு வளைத்தார். ஒருவரும் பலவந்தமாய் வளைக்கவில்லை. கீழ்ப்படிதல் புண்ணியமாவது இப்படித்தான். தேவ வரப்பிரசாதம் மனித சுபாவத்தை நொறுக்கிவிட்டு அதன்மேல் கட்டுவதில்லை; அதன் இழையோடு போய் அதைப் பூரணமாக்குகிறது என்றே திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. சர்வேசுரனே இப்படி நடக்கும்போது, அவருடைய இடத்தில் கொஞ்ச காலம் நிற்கும் தாய் தகப்பனும், ஆசிரியரும், முதலாளியும், பங்குக் குருவும் வேறு விதமாய் நடக்கலாமா?

ஆகவே கேள்விக்கு விடை இது. பிள்ளையின் சுபாவத்தோடு ஒத்து, அவனுடைய நன்மைக்காக, அவன் மனமும் கூட வரும்படி காத்திருந்து செய்வது வளைப்பது. நம் கோபத்துக்காகவோ, கடனுக்காகவோ, ஊர் மெச்சுவதற்காகவோ, அவன் சித்தத்தை மிதித்துச் செய்வது ஒடிப்பது. கண்டிப்பு இரண்டிலும் இருக்கலாம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றலாம். உங்கள் மனச்சாட்சி வித்தியாசத்தை அறியும். முருங்கையை ஒடித்து வளர்க்கட்டும், நல்லது. ஆனால் முருங்கைக் கட்டையில் வில் செய்தவனை யாராவது கண்டதுண்டா?

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். இரவு ஜெபமாலை முடிந்ததும் உங்கள் பிள்ளைகளை ஒவ்வொருவராய் நினைத்து, இவனில் விறைப்பாயிருப்பது எது, தளர்ந்திருப்பது எது என்று ஆண்டவர் சமுகத்தில் ஆலோசியுங்கள். விறைத்த இடத்தைப் பற்றி அவனோடு பொறுமையாய்ப் பேசுங்கள். தளர்ந்த இடத்தைப் பற்றி ஒரு வாரம் ஒரு வார்த்தையும் சொல்லாதிருங்கள். மருமகளைப் பற்றியும், தறியில் உங்களிடம் வேலை பழகுகிறவனைப் பற்றியும் அப்படியே செய்யுங்கள். நெரிந்த நாணலையும் ஒடிக்காத தேவ ஊழியரென்று இசையாஸ் தீர்க்கதரிசி முன்னறிவித்த நம் ஆண்டவர் சேசு கிறிஸ்துநாதர் உங்கள் வீடுகளில் வாசம் செய்து, வளைக்கும் கைகளுக்கு நிதானத்தையும் வளையும் உள்ளங்களுக்குத் தைரியத்தையும் தந்தருள்வாராக.

உங்கள் பங்குக் குரு